ஒன்பதாவது ஸ்லைடில் பசித்தது

கம்ப்யூட்டரில் பாடம் தயாரிக்க ஒரு யோசனை சொல்லுங்கள் என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வேலையில் உட்காருங்கள் என்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். மற்ற யோசனைகள் எல்லாம் புத்தகத்திலும் இருக்கின்றன, இணையத்திலும் இருக்கின்றன. இது மட்டும் என் சொந்தச் சரக்கு.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஒரகடம் பக்கம் வயலுக்கு வயல் காம்பவுண்டுச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. கார்களுக்கு ஒயர்க் கட்டுகள் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில், பயிற்சிப் பிரிவில் எனக்கு வேலை. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மானேஜர் ஒருவர், நான் ஒருத்தி, ஒரு ப்ரொஜெக்டர். மானேஜருக்குத் தனி அறை இருந்தது. ப்ரொஜெக்டருக்குத் தனி மேசை இருந்தது. அந்த மேசையில் ப்ரொஜெக்டர் போக மிச்சமிருந்த இடத்தில் நான் இருந்தேன்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு கூட்டம் பெண்கள் புதிதாக வேலைக்கு வருவார்கள். பெரும்பாலும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டல்களில் தங்கிக்கொண்டு, கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொண்டு வருவார்கள். அவர்கள் உற்பத்தி லைனில் கால் வைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்வது என் வேலை. துப்பட்டாவைப் பின் குத்து, வளையலையும் வாட்சையும் லாக்கரில் வை, ஒயரைப் பிடித்து இழுக்காதே, தீப்பிடித்தால் இந்த வழியாகப் போ. வாராவாரம் அதே பாடம், நடுவில் அதே நகைச்சுவை. சில மாதங்களில் என் நகைச்சுவைக்கு நானே சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

பதவியின் பெயர் பயிற்சி அலுவலர். ஆனால் கான்ட்ராக்ட். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டும் கயிறு எங்களுக்கு மஞ்சள், பெர்மனென்ட் ஆட்களுக்கு நீலம். நீலக் கயிறு வாங்கிவிட்டால் கல்யாணப் பேச்சை இரண்டு வருடத்துக்கு எடுப்பதில்லை என்று அம்மா ஒப்புக்கொண்டிருந்தாள். ஒப்புக்கொண்ட கையோடு வல்லக்கோட்டைக்குப் போய், மகளுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும், மாப்பிள்ளையும் சீக்கிரம் அமைய வேண்டும் என்று ஒரே முருகனிடம் இரண்டு மனுவையும் போட்டுவிட்டு வந்தாள். எனக்கு வேண்டியிருந்தது நீலக் கயிறு. மஞ்சள் கயிறு எந்த ரூபத்திலும் வேண்டாம்.

தினமும் பென்னலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைவதற்குள் அம்மா ஆரம்பித்துவிடுவாள். "இன்னாடி சொல்றாரு உங்க மானேஜரு? இன்னும் ஓசிச்சிகினுதான் கீறாரா?"

மானேஜர் யோசிக்கிற ஆள் இல்லை. மீட்டிங் போகிற ஆள். அப்படிச் சென்னையில் ஏதோ ஒரு ஹோட்டலில் நடந்த கூட்டத்துக்குப் போய்விட்டு, வயிறு நிறைய பஃபேயும் கை நிறைய ஒரு சிடியுமாகத் திரும்பி வந்தார். வந்த வேகத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"இனிமே எல்லாம் இ-லேர்னிங்தாம்மா. கிளாஸ் எடுக்கறதெல்லாம் பழைய காலம். நீ சொல்ற பாடம் மொத்தமும் கம்ப்யூட்டர்ல ஓடணும். கஸ்டமர் ஆடிட் வருது, அதுக்குள்ள ரெடி பண்ணு. இது மட்டும் நல்லா வந்துச்சுன்னா உன் கன்ஃபர்மேஷனை நான் பாத்துக்கறேன்."

சிடியில் இருந்தது பாடம் தயாரிக்கும் சாஃப்ட்வேர். இலவசமாக ஒரு மாதம் ஓடும், பிறகு வாங்க வேண்டும். வாங்குகிற பழக்கம் எங்கள் கம்பெனிக்குக் கிடையாது. மாதம் முடிந்ததும் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர் வந்து மெஷினின் தேதியைப் பின்னால் தள்ளிவிட்டுப் போனார். அந்த சாஃப்ட்வேருக்கு எப்போதும் மாதத்தின் முதல் வாரம்தான். சம்பளக்காரி எனக்குப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

நான் படித்தது பி.எஸ்சி. கம்ப்யூட்டர். படித்தபோது கம்ப்யூட்டரை அதிகம் தொடவில்லை என்பது வேறு விஷயம். சாஃப்ட்வேரைத் திறந்தால் எழுத்து பறக்கிறது, சுழல்கிறது, குதிக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் டைப்ரைட்டர் சத்தம் வேறு. குரங்கு கையில் பூமாலை கிடைத்த கதையாக, இருந்த அத்தனை வித்தையையும் முதல் ஸ்லைடிலேயே இறக்கினேன். "செருப்பு அணிந்து வரக்கூடாது" என்ற வாக்கியம் நான்கு திசைகளிலிருந்தும் சொல் சொல்லாக வந்து நடுவில் மோதிக்கொண்டது. மானேஜருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இன்னும் ரெண்டு போடும்மா என்றார்.

யாரிடமாவது போட்டுப் பார்க்க வேண்டுமே என்று, லைனில் ஒரு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு திருநெல்வேலிப் பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்பதால் பொய் சொல்லமாட்டாள் என்று நம்பினேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முழுவதையும் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு யக்கா. ஆனா ஒவ்வொரு எழுத்தா வந்து நிக்கதுக்குள்ள நாங்க ஊருக்குப் போயிட்டு வந்துருவோம் போலுக்கே."

பறப்பதை எல்லாம் பிடித்துக் கட்டினேன். ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயம், ஒரு படம், கீழே ஒரு பட்டன். இதைத்தான் இப்போது பெரிய பெரிய நிபுணர்கள் மேடையில் சொல்கிறார்கள். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது அந்தப் பெண்ணின் கொட்டாவி.

அடுத்த சனியன் எழுத்துரு. என் மெஷினில் தமிழாகத் தெரிவது பக்கத்து மெஷினில் கட்டமும் கேள்விக்குறியுமாகத் தெரியும். கம்பெனி முழுக்க ஏறி இறங்கி எல்லா மெஷினிலும் எழுத்துருவைப் போட்டுவிட்டு வந்தால், மறுநாள் ஒருத்தர் தன் மெஷினைச் சுத்தம் செய்கிறேன் என்று அதையும் சேர்த்து அழித்துவைப்பார். கடைசியில் ஒவ்வொரு வாக்கியத்தையும் படமாக மாற்றி ஒட்டினேன். படத்தை யாரும் அழிக்க முடியாது. ஆனால் ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் மொத்தப் படத்தையும் மறுபடி செய்ய வேண்டும். அந்த இரண்டு மாதங்களில் தமிழ் இலக்கணத்தின் மேல் எனக்கு வந்த வெறுப்பு பள்ளிக்கூடத்தில்கூட வந்ததில்லை.

பேச வேண்டியதை எழுதித் தருகிறேன் என்று மானேஜர் முன்வந்தார். தந்தார். "இயந்திரங்களின் சுழலும் பாகங்களின் அருகாமையில் தளர்வான ஆடைகளைத் தவிர்த்தல் நலம்" என்று ஆரம்பித்தது. திருநெல்வேலிப் பெண்ணுக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

"என்னக்கா, ரேடியோவுல செய்தி வாசிக்க மாதிரில்லா பேசுதிய? யாரு செத்துப் போனா?"

அவரிடம் தலையாட்டிவிட்டு, அவர் எழுதியதை மடித்து ப்ரொஜெக்டருக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன். திங்கட்கிழமைகளில் வாய்க்கு வந்தபடி என்ன சொல்வேனோ அதையே மைக்கில் சொன்னேன். மெஷின் பக்கத்தில் போகும்போது துப்பட்டாவைப் பின் குத்திக்கோங்க. அவ்வளவுதான். எதிரில் ஒரே ஒரு பெண் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பேசினால் போதும். ஊருக்கே சொல்வதாக நினைத்தால் வாய் தானாகவே செய்தி வாசிக்க ஆரம்பித்துவிடும்.

பேசுவதற்கு இடம் கிடைக்கவேண்டுமே. ஒயர் வெட்டும் மெஷின் ஒரு பக்கம், கம்ப்ரஸர் ஒரு பக்கம். தேடித் தேடி ஸ்டோர் ரூமில், அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்த சந்து ஒன்றைப் பிடித்தேன். பெட்டிகள் சத்தத்தைக் குடித்துவிடும். காற்றையும் குடித்துவிடும். வியர்வை வழிய, தலையில் ஹெட்போனும் மடியில் கடன் வாங்கிய லேப்டாப்புமாக, ஒரு ஸ்லைடுக்குப் பத்து முறையாவது பேசுவேன். ஒரு முறை இருமல், ஒரு முறை ஃபோர்க்லிஃப்ட், ஒரு முறை "யாரும்மா உள்ள?" என்று எட்டிப் பார்க்கும் செக்யூரிட்டி.

ஒன்பதாவது ஸ்லைடு தீ விபத்து. "தீ மணி அடிச்சா, கையில இருக்கறதை அப்படியே வெச்சிட்டு, ஓடாம, தள்ளாம, வரிசையா வெளியே போங்க." இதை ஒரு மதியம், சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் பேசி முடித்தேன். பேசி முடித்ததும் சைரன் அடித்தது. லேப்டாப்பை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

இங்கே எங்கள் சைரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷிப்ட் ஆரம்பிக்க நீளமாக ஒன்று. சாப்பாட்டுக்குக் குட்டையாக இரண்டு. தீ என்றால் அது தனி, கணகணவென்று மணி. லைனில் யாரும் வாட்ச் கட்டக்கூடாது. ஒயரில் கீறல் விழுமாம். அதனால் அங்கே நேரம் என்பதே சைரன்தான். வேலைக்குச் சேர்ந்த ஒரே வாரத்தில் குட்டை சைரன் காதுக்குப் போவதை நிறுத்திவிட்டு நேராக வயிற்றுக்குப் போக ஆரம்பித்துவிடும். கான்டீனில் முட்டை முதலில் வருகிறவர்களுக்குத்தான். காரிடாரில் ஓடினால் சூப்பர்வைசர் பேர் எழுதுவார். அதனால் எல்லாப் பெண்களும் ஓடாமல், தள்ளாமல், தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குள்ளேயே, ஓடுவதைவிட வேகமாக நடக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒன்பதாவது ஸ்லைடில், என் குரல் முடிந்த இடத்தில், இரண்டு குட்டை சைரன்கள் தெளிவாகப் பதிவாகியிருந்தன. நான் கவனிக்கவில்லை. முழுப் பாடத்தையும் மூன்று முறை சரிபார்த்தேன், மூன்று முறையும் கேட்கவில்லை. ஒன்பதாவது ஸ்லைடு வந்தபோதெல்லாம் எனக்குப் பசித்தது, அவ்வளவுதான். பிஸ்கட் எடுத்துக் கடித்துக்கொண்டு பத்தாவது ஸ்லைடுக்குப் போனேன்.

ஆடிட் நாள் வந்தது. கஸ்டமர் கம்பெனியிலிருந்து வந்தவர் வெளிநாட்டுக்காரர். உயரமாக, சிரிப்பே இல்லாமல், கையில் ஒரு பேடுடன் வந்தார். பயிற்சி அறையில் அங்கங்கே இருந்த கம்ப்யூட்டர்களை எல்லாம் கொண்டுவந்து வைத்து, ஒரு மெஷினுக்கு இரண்டு பெண்களாக உட்காரவைத்திருந்தோம். போன வாரம் சேர்ந்த பெண்கள். நன்றாகத் தலையாட்டுவார்கள் என்று மானேஜரே பொறுக்கியது. மானேஜர் தன் வீட்டிலிருந்து பாட்டுக் கேட்கும் பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டையும் கொண்டுவந்து மாட்டியிருந்தார். கஸ்டமருக்கு நல்லா கேக்கணும்மா என்றார். சாப்பாட்டுக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.

எட்டு ஸ்லைடுகள் சுகமாகப் போயின. எழுத்து எழுத்தாகவே தெரிந்தது. பெண்கள் சரியான இடத்தில் பட்டனை அழுத்தினார்கள். மானேஜரின் முகத்தில் எனக்கு நீலக் கயிறு தெரிந்தது.

ஒன்பதாவது வந்தது, திரை நிறைய தீயின் படத்தோடு. "...ஓடாம, தள்ளாம, வரிசையா வெளியே போங்க" என்றது என் குரல். பின்னாலேயே அந்தப் பெரிய ஸ்பீக்கர்களில் சைரன், குட்டையாக இரண்டு.

அத்தனை பெண்களும் எழுந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மவுஸை அப்படியே விட்டுவிட்டு, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, வரிசையாக, ஓடாமல், தள்ளாமல், அறையைவிட்டு வெளியே போய்விட்டார்கள். ஒரு நிமிஷத்தில் அறை காலி. கம்ப்யூட்டர்களும் நாங்கள் மூன்று பேரும்தான் மிச்சம்.

இந்த முறை எனக்குப் பசிக்கவில்லை. அப்போதுதான் அந்தச் சத்தம் என் காதுக்கே முதன்முதலாகக் கேட்டது. போச்சு, இரண்டு மாத வேலையும் போச்சு, நீலக் கயிறும் போச்சு என்று நின்றேன். வெளிநாட்டுக்காரர் தன் வாட்சைப் பார்த்தார், பேடில் எதையோ எழுதினார், பிறகு விறுவிறுவென்று அந்தப் பெண்களின் பின்னாலேயே நடந்தார். மானேஜர் அவர் பின்னால். நான் மானேஜர் பின்னால்.

தீ விபத்து என்றால் எல்லோரும் கூட வேண்டிய மைதானம் கான்டீனுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இன்றுவரை என்னைக் காப்பாற்றிய தெய்வம் முருகனா, அந்தக் கட்டடத்துக்குப் பிளான் போட்டவரா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் கான்டீன் வாசலில் ஒற்றை வரிசையில், கோடு போட்டதுபோல் நின்றுகொண்டிருந்தார்கள். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து கரண்டியுடன் சமையல்காரர் வந்தார். பிள்ளைப்பாக்கத்துக்காரர், குரல் கம்ப்ரஸருக்குப் போட்டி.

"இன்னாம்மா இது, இப்பவே வந்து க்யூ கட்டிக்கினு நிக்கிறீங்கோ? பருப்பே இன்னும் வேவல! போங்கம்மா, போய் வேலையப் பாருங்க!"

வெளிநாட்டுக்காரர் மானேஜரிடம் திரும்பி, இவர் யார், என்ன சொல்கிறார் என்று கேட்டார். மானேஜர் கண் இமைக்கவில்லை. இவர்தான் இந்தப் பகுதியின் தீ பாதுகாப்புப் பொறுப்பாளர், ஆபத்து நீங்கிவிட்டது, எல்லோரும் வேலைக்குத் திரும்பலாம் என்று சொல்கிறார் என்றார் ஆங்கிலத்தில். பொய்யைக்கூட அவ்வளவு ஒழுங்காக, ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயமாகச் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த மனிதர் முதல் முறையாகச் சிரித்தார். பாடத்தின் நடுவிலேயே செய்முறைப் பயிற்சியையும் சேர்த்திருக்கிறீர்கள், நான் பார்த்த எந்தத் தொழிற்சாலையிலும் இது இல்லை, இதை யார் வடிவமைத்தது என்று கேட்டார். மானேஜர் தன் நெஞ்சில் கை வைத்து, எங்கள் டீம் என்றார்.

அறைக்குத் திரும்பும்போது பெண்கள் எல்லோரும் என்னை முறைத்துக்கொண்டே வந்தார்கள். லைனில் இருந்த திருநெல்வேலிப் பெண்ணுக்கு அதற்குள் விஷயம் போய்விட்டது. "யக்கா, சோறு போடாம சைரன் மட்டும் விடுதியளாமே? பாவம்லா உங்கள சும்மா விடாது" என்றாள்.

அந்த சைரனை நான் எடுக்கப்போனபோது மானேஜர் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். ஆடிட் அறிக்கையில் அதைப் பாராட்டி எழுதியிருந்தார்களாம். அதனால் அது நிரந்தரமாக்கப்பட்டது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதுப் பெண்கள், என் குரல் போகச் சொன்னதே என்று, வேகாத பருப்புக்கு வரிசையில் போய் நின்றார்கள். சமையல்காரர் எங்கள் பிரிவை ஏசியே தொண்டை கட்டிப்போனார்.

எனக்கு உள்ளூரக் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. என் குரல் தானாகவே பாடம் நடத்தியது. தொண்டை வலி இல்லை. பெண்கள் பாடத்தை முடித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் என் மேசைக்கு வருவார்கள். ஹாஸ்டலில் தண்ணீர் வராததிலிருந்து ஊருக்கு லீவு எப்படிக் கேட்பது என்பது வரை கேட்பார்கள். பாடத்தில் இல்லாததுதான் அவர்களுக்குச் சந்தேகம். கன்ஃபர்மேஷன் பேப்பர் மேலே போயிருக்கிறது என்று மானேஜர் சொன்னதை நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொன்னாள்.

சில வாரங்கள் கழித்து மானேஜர் கூப்பிட்டார். போகிறபோதே எனக்கு முகமெல்லாம் பல்.

"கடைசி ஸ்லைடுல ஒரு சின்ன மாத்தம்மா. 'சந்தேகம் இருந்தா பயிற்சி அலுவலரைக் கேளுங்க'ன்னு வருதில்ல, அதை 'உங்க சூப்பர்வைசரைக் கேளுங்க'ன்னு மாத்திடு. இன்னிக்கே முடிச்சிடு."

"எதுக்கு சார்? சூப்பர்வைசருங்களுக்கு லைனைப் பாக்கவே நேரம் இல்ல. எங்கிட்டயே வரட்டுமே."

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அந்தக் கம்பெனியில் பயிற்சி அலுவலர் என்று இருந்தது நான் ஒருத்திதான் என்பது மெதுவாக என் மண்டையில் ஏறியது.

"கன்ஃபர்மேஷன் சார்?"

"அந்த போஸ்ட்டே தேவையில்லன்னுட்டாங்கம்மா. கோர்ஸ் அவ்ளோ நல்லா வந்துடுச்சு. நானும் சொல்லித்தான் பாத்தேன். இந்த மாசத்தோட கான்ட்ராக்ட் முடியுதில்ல, அப்படியே..."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. அவர் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் தலையிலேயே ஊற்றலாம் போல இருந்தது. முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை வருகிற பெண்கள், இல்லாத ஒருத்தியைத் தேடிக்கொண்டு அந்த ப்ரொஜெக்டர் மேசை முன்னால் வந்து நிற்பார்கள் என்று தோன்றியது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்கு நடந்தேன். அதிசயமாக மானேஜரும் கூடவே வந்தார். ஒரு பெட்டியின் மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார்.

நான் பேசினேன். அவர் ஹெட்போனை வாங்கிப் போட்டுக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

"வாய்ஸ் டல்லா இருக்கும்மா. புதுப் பொண்ணுங்க கேக்கறதாச்சே. கொஞ்சம் சிரிச்ச முகமா சொல்லு."

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். எதிரில் ஒரே ஒரு பெண் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். சிரித்த முகமாகவே சொன்னேன்: சந்தேகம் இருந்தா உங்க சூப்பர்வைசரைக் கேளுங்க.

மானேஜர் மறுபடி கேட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"சூப்பர்ம்மா" என்றார். "இதையே வெச்சுக்கலாம்."